வேண்டாதவை என்ற பெட்டி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் தீவில் காற்று கொஞ்சம் ஓய்ந்திருக்கட்டும், நீ வேளைக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதை மெல்லச் சொல்கிறேன்.

முந்தாநாள் உனக்கு இரண்டே வரி அனுப்பினேன். உன் கடிதங்கள் இப்போதுதான் கண்ணில் பட்டன, புது வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறு என்று. வாரத்துக்கு ஒருமுறைதான் அங்கே மெயில் வந்து சேரும் என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டரை வருடம் நீ காத்திருந்ததற்கு முன்னால் என் இரண்டு நாள் எம்மாத்திரம்.

நீ போன பிறகு நாங்கள் வீடு மாறினோம். பழைய டெலிபோன் நம்பர் அதோடு போயிற்று. உன் பழைய முகவரிக்கு நான் எழுதியதெல்லாம் திரும்பி வந்தது. புது வீட்டின் பின்னறையில்தான் இப்போது என் பல் செட் வேலை. ஜன்னலோரம் மெழுகும் அடுப்பும், எதிர்ச்சுவரில் பிளாஸ்டர் அச்சுகள். சாயங்கால வெயில் அவற்றின்மேல் விழும்போது நாற்பது வாய்கள் ஏதோ சொல்லவந்து மறந்துபோனதுபோல் இருக்கும். பல் டாக்டர்கள் அளவையும் நிறத்தையும் மெயிலில்தான் அனுப்புகிறார்கள். நீ போட்டுக்கொடுத்த அந்தப் பழைய மெயில் புரோகிராம், போன மாதம் ஒரு காலையில், இனி என்னால் முடியாது என்று கைவிரித்துவிட்டது.

காசு கொடுத்து வாங்க மனமில்லை. இலவசமாகக் கிடைப்பதில் ஒன்றைப் பார்க்கலாம் என்று இறங்கினேன். முதலில் போட்டதில் கடிதங்களுக்கு நடுவே விளம்பரங்களும் கடிதம் மாதிரியே உட்கார்ந்திருந்தன. மூட்டுவலித் தைலத்தை நோயாளி என்று நினைத்து இரண்டு முறை திறந்தேன். அடுத்தது பார்க்க அழகு. ஆனால் எது முக்கியம் என்று அதுவே தீர்மானித்துக்கொண்டது. ஒரு பாட்டு டீச்சருக்கான அவசர ஆர்டரை அது எங்கோ ஒதுக்கிவைக்க, அந்த அம்மா இரண்டு நாள் வாயைக் கையால் மூடிக்கொண்டு வகுப்பு எடுத்தார்களாம். அதையும் எடுத்துவிட்டேன்.

மூன்றாவதைச் சொன்னது பெரிய டாக்டரின் வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண். யார் யாரோ ஊதியமில்லாமல் சேர்ந்து செய்ததாம். ஒரு ஆடம்பரமும் கிடையாது. முகவரி, பாஸ்வேர்ட் இரண்டைத்தான் கேட்டது. இடப்பக்கம் என் பெட்டிகளை எல்லாம் வரிசையாகத் திறந்து காட்டியது. பழைய புரோகிராம் முதல் பெட்டி ஒன்றை மட்டுமே காட்டிவந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மற்றவை எங்கோ தொலைவில், நான் போகாத அறைகளாக இருந்திருக்கின்றன.

முந்தாநாள் மத்தியானம் பெரிய டாக்டர் ஒரு ஆர்டரை இரண்டு தடவை அனுப்பியாயிற்று என்று போனில் சத்தம் போட்டார். வரவேற்புப் பெண்தான், "வேண்டாதவைன்னு ஒரு பெட்டி இருக்கும்க்கா, அதுல போயிருக்கும், பாருங்க" என்றாள். திறந்தேன். நாலாயிரத்துச் சொச்சம். நம் மெயில் கம்பெனி எதையும் துடைத்துப் போடாத சோம்பேறி. அந்தச் சோம்பேறித்தனத்துக்குக் கோடி புண்ணியம். லாட்டரிப் பரிசு, முடி வளர மருந்து, யாரோ ஒரு ராணியின் சொத்து எல்லாவற்றுக்கும் நடுவில், "பல்லிக்கு" என்று ஒரு தலைப்பு.

உலகத்தில் என்னைப் பல்லி என்று கூப்பிடுகிறவன் நீ ஒருத்தன்தான்.

பத்தொன்பது கடிதங்கள். உன் புது முகவரி பழக்கமில்லாததால் கம்பெனி எல்லாவற்றையும் அங்கே தள்ளியிருக்கிறது. வேறு யாரும் தள்ளவில்லை, தம்பி. இதை நீ நம்ப வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். நீ டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வேலையை விட்டு வானிலை நிலையத்துக்குக் கிளம்பிய அன்று, "மேகத்தை எண்ணப் போறவனுக்கு வீட்டு வாசல் எதுக்கு" என்று கேட்ட அதே மனிதர், நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்து, "முதல்லேர்ந்து படி. அவசரமே இல்லை" என்றார்.

தடவி என்று எழுதிவிட்டேன். ஆமாம். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. நேராகப் பார்ப்பது மறைந்து ஓரங்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன. வாசலில் நிற்பது யார் என்று குரல் கேட்டால்தான் தெரியும்.

இரண்டு நாளும் சாயங்காலம் வரை படித்தேன். இந்த வீட்டில் நீ ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் அறை முழுக்க உன் தீவாகிவிட்டது. கிழிந்த பஞ்சாக வரும் மேகம், கடலுக்குள் தன் நிழலைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற மேகம், பலூனை விட்டதும் அதை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நகர்ந்துபோகும் மேகம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எட்டாவது கடிதத்தில், மழைக்கு முன் வெளிச்சம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதை மறுபடி படிக்கச் சொன்னார். மெழுகு அடுப்பில் உருகிக் கருகிப்போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

நேற்றுக் காலை காப்பி கொடுக்கப் போனபோது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "இன்னைக்கு என்ன மேகம்?" என்றார். எனக்கு என்ன தெரியும். வெள்ளையாக இருக்கிறது என்றேன். "வெள்ளைன்னா எப்படி? அவன் சொல்ற மாதிரி சொல்லு" என்று கோபித்துக்கொண்டார்.

கடைசிக் கடிதத்தை முந்தாநாளே நான் ஒரு பார்வை பார்த்திருந்தேன், அப்பாவுக்கு நேற்று மாலைதான் படித்துக் காட்டினேன். தீவில் உன் வேலை முடிகிறது, இன்னும் தொலைவில் ஒரு நிலையத்துக்கு நாலு வருடம் போகச் சொல்கிறார்கள், அப்பா மனம் ஆறவில்லை என்று புரிந்துகொண்டேன், மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் கப்பல் ஏறிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். படித்து முடித்ததும் அப்பா கைத்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

பிறகு, "நான் சொல்றதை அப்படியே அடி" என்றார். அவர் சொன்னது இது:

"நல்ல வேலைதான் பாக்கறே. எனக்கு அப்ப புரியலை. போகணும்னா போ. அங்க மேகம் எப்படி இருக்குன்னு அக்காவுக்கு எழுது, அவ படிச்சுக் காட்டுவா."

அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து இது வர எவ்வளவு பட்டிருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். வா என்று அவர் சொல்லவில்லை. நானும் அப்படி எழுதக் கூடாது என்றார். எழுதவில்லை.

உன் முகவரியை என் புத்தகத்தில் சேர்த்துவிட்டேன். இனி உன் கடிதம் நேரே முதல் பெட்டிக்கு வரும். புது நம்பரும் வீட்டு விலாசமும் இதோடு தனியே இணைத்திருக்கிறேன். இதையே காகிதத்தில் எழுதி உங்கள் நிலையத்தின் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். கம்ப்யூட்டரை நான் முன்போல் நம்புவதில்லை.

ஒரு விஷயம். போன வாரம் கண் டாக்டரிடம் போனோம். ஓரத்தில் இருக்கும் வெளிச்சம் இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்றார். நாலு வருடத்தைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நீ எந்தத் திசையில் கப்பல் ஏறினாலும் உன் பயணம் சுகமாக இருக்கட்டும். கடல் உன்னிடம் கனிவாக நடந்துகொள்ளட்டும். ஏறுகிற நாளை மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல். அறையில் உனக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

என்றும் உன் நினைவாக,
அக்கா