அப்பா வழியில் யாருக்காவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அப்பா நலம். எனக்கும் உடம்பு நலம்தான். மனசு மட்டும் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறது.

போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதானே? கடிதத்தைக் கோபத்தில் தூக்கி எறிந்தாலும் அது மேசைக்கு அடியில்தான் கிடக்கும். மறுநாள் எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

உள்ளே ஒரு பை வைத்துப் பெரிதாக்கிக்கொள்ளப் போகிறேன், டாக்டரைப் பார்த்தாயிற்று, அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று, ஏதோ சொத்தைப் பல்லை அடைக்கப் போகிறவள் மாதிரிச் சொன்னாய். அந்த இடத்தின் பெயரை வேறு பட்டவர்த்தனமாகச் சொன்னாய். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. சமையல் வேலையில் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்; அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று நான் மிக்சியை ஓடவிட்டேன். மிக்சியில் ஒன்றுமே இல்லை. அவர் எழுந்து வந்து, "வெறும் மிக்சிய எதுக்கு ஓட்டுற?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுது பார்த்த மனுஷனுக்கு, மோட்டார் சும்மா சுற்றினால் சத்தத்திலேயே தெரிந்துவிடாதா?

யார் உன்னை என்ன சொன்னார்கள்? அதைச் சொல். ஆபீஸில் எவனாவது வாய்க்கு வந்ததைப் பேசினானா? பெண் பார்க்க வந்து பதில் சொல்லாமல் போனார்களே, அவர்கள் ஏதாவது சொல்லி அனுப்பினார்களா? "யாரும் சொல்லல, எனக்காகத்தான்மா. ஒரு சட்டை போட்டா அது என் மேல சரியா நிக்கணும்" என்றாய். சட்டை நிற்காவிட்டால் தையல்காரரை மாற்று, பாப்பா. உடம்பையா மாற்றுவார்கள்?

மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று நின்று எனக்கு ஒன்று தெரியும். வருகிறவர்களில் பாதிப் பேர், வேறு யாரோ முகத்துக்கு எடுப்பாக இருந்த ஃபிரேமைத்தான் கேட்பார்கள். மாட்டிக் காட்டினால் முகம் வாடிவிடும். ஃபிரேமைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். இதை எப்படிக் கழற்றி வைப்பாய்?

பெற்ற மனம் பித்து என்பார்கள். பித்துப் பிடித்தவள்தானே கேட்கிறாள் என்று பதில் போடாமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா

*

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பதில் வந்தது. அதைப் பதில் என்று சொல்ல முடிந்தால். "லெட்டர் கிடைச்சுது. தேதி மாறாது. பயப்படாத." போனில் தட்டி அனுப்பிவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடும் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஒருவருக்கு இடது கண்ணுக்கு எடுத்த பவரை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலாளி, "உங்களுக்கே கண்ணு செக் பண்ணணுமா?" என்று கிண்டல் செய்தார். அதனால்தான் செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கண்ணாடி வாங்க வந்த ஒரு நர்ஸிடம் விசாரித்து, இங்கே இந்த ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரிடம் நானே போனேன். சந்தேகம் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். சிரிக்காமல் மேலே படி.

வரவேற்பில் இருந்த பெண் பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, "யாருக்கும்மா பாக்கணும்?" என்றாள். பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் மூக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் என் மகளுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி எப்படிச் சொல்வேன்? "எனக்குத்தான்" என்றுவிட்டேன். அந்தப் பெண் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் டோக்கன் கொடுத்தாள். நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி மூலையில் போய் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மாவுக்கு உன்னைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம் இருக்கும். தலை நரைத்த ஒருத்தி இதற்கு வந்திருக்கிறாளே என்று அவரும் அசரவில்லை. "எத்தனையோ பேர் இந்த வயசுலதான்மா தைரியமா வர்றாங்க" என்றார். முதலில் அவர் கேட்டது, இதைச் செய்துகொண்டால் என்ன மாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று. நீ சொன்னதையே சொல்லி வைத்தேன். சட்டை என் மேல் சரியாக நிற்க வேண்டும் என்றேன். அவர் அதை நியாயமான பேச்சாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். என் மகள் சொன்னபோது நான் கத்தினேன், ஊர் பேர் தெரியாத ஒருத்தி தலையாட்டுகிறாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஒரு திரைக்குப் பின்னால் அழைத்துப் போய், இறுக்கமான ஒரு உள்ளாடையைக் கொடுத்து, அதற்குள் சிறிதும் பெரிதுமாக மாதிரிப் பைகளை வைத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். நம் கடையில் ஃபிரேம் மாட்டிப் பார்ப்பது போலத்தான். ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்று. என் சட்டையை மேலே போட்டுக்கொண்டு பார்க்கச் சொன்னார். பாப்பா, நான் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு பக்கமும். முதுகு தானாக நிமிர்ந்தது. கல்லூரிக்குப் போகிற நாளில் நீ வேகாத வெயிலிலும் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, ஃபைலை அணைத்துப் பிடித்தபடி நடந்ததெல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைக்குப் படிப்பில் அவ்வளவு அக்கறை என்று நான் பெருமையாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் சொன்ன மற்றதையும் கேள். உன் டாக்டர் சொல்லியிருப்பார், நீ காதில் வாங்கியிருக்க மாட்டாய். வைத்த பை ஆயுசுக்கும் வராதாம். சில வருடம் கழித்து மாற்றவோ எடுக்கவோ மறுபடி கத்திக்குப் போக வேண்டி வரலாமாம். பையைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டிக்கொள்ளுமாம், சிலருக்கு அது இறுகிக் கல்லு மாதிரி ஆகிவிடுமாம். பை கசியலாம். உணர்ச்சி மரத்துப் போகலாம், திரும்பி வரலாம், வராமலும் போகலாம். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறது பெரும்பாலும் முடியும், ஆனால் உத்தரவாதம் இல்லை. முதல் வாரம் ஏதோ பாரத்தை ஏற்றி வைத்தது போல இறுக்கிப் பிடிக்குமாம். வீக்கம் வடிந்து உருவம் சரியாக வர மாதக்கணக்கில் ஆகுமாம். கையைத் தலைக்கு மேலே தூக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும். நீயோ சின்ன வயதிலிருந்து குப்புறப் படுக்கிறவள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடியை யார் உனக்கு வாரிவிடுவார்கள், நீ தனியாகத் தங்கியிருக்கிற அந்த அறையில்?

கடைசியில், குடும்பத்தில் யாருக்காவது அந்த இடத்தில் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று கேட்டார். அவர் பெயர் சொல்லித்தான் கேட்டார், எனக்குத்தான் எழுத வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை என்றேன். நிஜம்தானே. அதோடு விட்டிருக்கலாம். "அப்பா வழியில யாருக்காவது? நிறைய பேர் அம்மா வழிய மட்டும்தான் யோசிப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்மா" என்றார்.

என் அப்பா வழியிலும் இல்லை. எனக்கு இல்லை. உனக்கு அப்பா வழியில் இருக்கிறது.

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

உன் அத்தை நெஞ்சு வலியில் போகவில்லை, பாப்பா. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. அவளுக்கு இன்றைக்கு உனக்கு இருக்கிற வயதைவிட இரண்டோ மூன்றோதான் கூட. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் மட்டும்தான் காட்டினாள். "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி. எந்த இடம்னு அவர்கிட்ட எப்படிச் சொல்வேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அவள் என்னிடம் காட்டுவதற்குள்ளேயே நோய் பரவிவிட்டிருந்தது. வாய் திறக்க வெட்கப்பட்டே ஒரு பெண் போனாள். போன பிறகும் அந்த இடத்தின் பெயரை நாலு பேர் எதிரில் சொல்ல முடியாமல், அப்பா நெஞ்சு வலி என்றார். கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் ஏன் இத்தனை வருடம் இதை உன்னோடு சேர்த்துப் பார்க்கவில்லை என்று கேட்பாய். எல்லோரும் உன்னைப் பார்த்ததும் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்றுதானே சொல்வார்கள்? மூக்கு, நடை, முன்கோபம் எல்லாம் நான்தான். அது அவர்கள் வீட்டு நோய், என் பெண்ணுக்கு வராது என்று நானாகவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். யாரிடமும் கேட்கவும் இல்லை.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வந்தது எனக்காக இல்லை, மகளுக்காக என்பதையும் சேர்த்துத்தான். அவர் கோபப்படவில்லை. "அவங்க டாக்டர்கிட்ட இத கண்டிப்பா சொல்லச் சொல்லுங்க. மொதல்ல ஸ்கேன் பாக்கணும், பரம்பரையா வருதான்னு பாக்குற டாக்டர்கிட்ட ஒரு தடவ பேசணும். அதுக்கப்புறம் வைக்கலாமா, எப்படி வைக்கலாம்னு முடிவெடுக்கலாம். ஆபரேஷன் எங்கயும் ஓடிப்போகாது" என்றார். உன்னிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். நீ இல்லை என்று சொல்லியிருப்பாய். நீ பொய் சொல்லவில்லை. நாங்கள் சொன்னதைச் சொல்லியிருப்பாய்.

நிறுத்துகிறேன். அப்பா வருகிற சத்தம் கேட்கிறது.

வெள்ளிக்கிழமை. இதை முடிக்காமல் இரண்டு நாள் அலமாரிக்கும் மேசைக்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு மறுபடி கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் அனுப்பவும் மனசு வரவில்லை. சொன்னால் என்ன ஆவாரோ என்று பயம். கடைசியில் இன்று காலை, அவர் மேசை விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஆபரேஷனையும், அத்தையின் நோயைப் பற்றி டாக்டரம்மா சொன்னதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்க வீட்டுல இருந்தா? நம்ம பாப்பாவுக்கா?" என்றார். அவ்வளவுதான். திரும்பவும் குனிந்து விசிறியை மாட்ட ஆரம்பித்தார். மாட்டி முடித்த பிறகு தரையில் ஒரு திருகு மிச்சம் கிடந்தது. எனக்குத் தெரிந்து அவர் வேலையில் திருகு மிஞ்சியதே இல்லை. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தெருக்கோடி வரை போனார், வந்தார், மறுபடி போனார். இந்த வீட்டில் இப்போது இரண்டு பூனைகள்.

பாப்பா, எனக்கு இந்த ஆபரேஷன் இன்னமும் பிடிக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நீ வாய்விட்டுப் பெயர் சொன்னாய் பார், அது மட்டும் பிடித்திருக்கிறது. உன் அத்தைக்கு அந்த வாய் இருந்திருக்கலாம் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஸ்கேன். பிறகு நீ வேண்டாம் என்றாலும் சரி, வேண்டும் என்றாலும் சரி, நான் லீவு போட்டுவிட்டு வந்து உனக்குத் தலை வாரிவிடுவேன். கையைத் தூக்கக் கூடாதாமே.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். டாக்டரிடம் போகும் முன் என் கடிதத்தைப் படி என்று போனிலும் தட்டி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் அதையும் படிக்காமல் விட்டுவிடாதே, கண்ணே. நல்லபடியாக இரு. நீண்ட ஆயுசோடு இரு.

காகிதத்தின் அடியில் அப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறேன். "நானே எழுதுறேன். நீ சுத்தி வளைச்சு எழுதுவ, டாக்டருக்குப் புரியாது" என்று பேனாவைக் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா

*

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

அத்தைக்கு வலது மார்பில் புற்றுநோய். என் கூடப் பிறந்த தங்கை. முதலில் மார்பில் கட்டி, பிறகு அக்குளிலும். கடைசி நாட்களில் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. நெஞ்சு வலி என்று எல்லோரிடமும் சொன்னது நான்.

மேலே உள்ளதை அப்படியே டாக்டரிடம் காட்டவும். புரியாவிட்டால் என் நம்பரைக் கொடுக்கவும். அவர் என்ன கேட்டாலும் சொல்கிறேன். உன் எதிரிலேயே சொல்கிறேன்.

போனை எடு, பாப்பா.

அப்பா