முதலாண்டு மதிப்பெண் பற்றிய கேள்வியை மறுபடி கேட்க வேண்டி

அனுப்புநர்:
அ. பிராங்ளின் (வயது 71),
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி,
ஆலயத் தெரு, கட்டபெட்டு,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
நொய்யல் பல்கலைக்கழகம்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பொருள்: எம்.எஸ்சி. இயற்பியல் சேர்க்கை – செல்வி ஃபெபியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – இளநிலை மதிப்பெண்களைப் பருவவாரியாகப் பார்க்கவும், நேர்காணலில் கேட்ட ஒரு கேள்வியை மறுபடி கேட்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். கோபமாக எழுதியவை எல்லாம் அடுப்புக்குப் போயின. இப்போது எனக்கு மிஞ்சியிருப்பது வருத்தம்தான், அதை எழுதுகிறேன். நான் பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். மீதி எழுத்தை ஆலயத்துப் பாட்டுப் புத்தகத்திலும் பழைய செய்தித்தாள்களிலும் நானாகக் கற்றேன். வாசகத்தில் பிழை இருந்தால் பொறுத்து, விஷயத்தைப் பார்க்க வேண்டுகிறேன்.

1. ஃபெபி என் தங்கை மெட்டில்டாவின் மகள். தகப்பன் இல்லாத பிள்ளை. உதகையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, இந்த ஆண்டு தங்கள் பல்கலைக்கழகத்தில் முதுநிலைக்கு விண்ணப்பித்தாள். ஜூலை மாதம் நேர்காணலுக்கு அழைத்தீர்கள். தாய்மாமன் என்ற முறையில் நானும் கூட வந்தேன். பிறகு அவள் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று தகவல் வந்தது.

2. அவள் ஆறு பருவத்தேர்வுகளில் நூற்றுக்கு வாங்கியவை முறையே 47, 52, 74, 81, 86, 89. முதலாண்டில் இரண்டு தாள்கள் அரியர். இரண்டாமாண்டில் அவற்றை எழுதித் தேறிவிட்டாள். தங்கள் அலுவலகம் இந்த ஆறையும் கூட்டி வகுத்து எழுபத்தொன்றரை என்று ஒரே எண்ணாக ஆக்கியது. எல்லாப் பருவத்திலும் சொல்லி வைத்தாற்போல் எழுபத்திரண்டு வாங்கிய ஒரு மாணவர் தரவரிசையில் அவளுக்கு மேலே இருக்கிறார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை, நன்றாகப் படிக்கட்டும். ஆனால் சராசரி என்பது ஃபெபி வந்த வழியில் எங்கோ நடுவில் ஓரிடத்தைக் காட்டுகிறது. அவள் அங்கே நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. இன்று அவள் நிற்பது எண்பத்தொன்பதில். தங்கள் வகுப்பறைக்குள் வந்து உட்காரப் போவதும் அந்த ஃபெபிதான்.

3. முதலாண்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். அவள் கல்லூரியில் சேர்ந்த மழைக்காலத்திலேயே எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் மெட்டில்டா கொழுந்து மூட்டையோடு சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாள். எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குத் தரும் வரிசை வீடான லைன் வீடு யாருக்கு என்பதைச் செக்ரோல்தான் தீர்மானிக்கும். செக்ரோல் என்பது காலையில் பெயர் கூப்பிடும் வருகைப் பதிவு. ஒரு வீட்டிலிருந்து ஒரு பெயராவது அதில் இருந்தால்தான் வீடு தங்கும். நான் ஓய்வுபெற்றவுடன் என் பெயரை அடித்து, வீட்டையும் வாங்கிக்கொண்டார்கள். ஃபெபியின் தம்பி ஜெனிஸுக்கு அப்போது பதினெட்டு ஆகவில்லை. ஆகவே அம்மா படுத்திருந்த காலத்துக்கு ஃபெபி தன் பெயரைக் கொடுத்தாள். எஸ்டேட் நிர்வாகத்தின் மேல் இந்த மனுவில் எனக்குப் புகார் இல்லை. அவர்களுக்குத் தனியாக எழுதுவேன்.

4. கொழுந்து பொங்கி வரும் மாதங்களும் கல்லூரியில் தேர்வு வைக்கும் மாதங்களும் எங்கள் மலையில் ஒன்றே. மற்ற மாதங்களில் வேலை வாங்கும் மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி வகுப்புக்குப் போய்விடலாம். கொழுந்து வரும் நேரத்தில் லீவு கேட்டால் பெயர் போய்விடும். காலையில் உதகையில் தேர்வு எழுதிவிட்டு, பஸ் பிடித்து வந்து, மதியம் அரை நாள் கணக்குக்குத் தேயிலைக் காட்டில் இறங்கினாள். அந்த இரண்டு பருவங்களின் மதிப்பெண்தான் 47, 52. வகுப்புக்குப் போகாத நாட்களுக்காக இன்டர்னலிலும் குறைத்தார்கள். அது கல்லூரியின் விதி, நான் அதைக் கேட்கவில்லை. இரண்டாமாண்டு தொடங்கியபோது ஜெனிஸுக்கு வயது வந்தது. அவன் பெயர் ஏறியது, இவள் பெயர் இறங்கியது. மூன்றாம் பருவத்தில் எண் மாறியதற்கு வேறு மந்திரம் எதுவும் இல்லை.

5. இனி நேர்காணல். தங்கள் பேராசிரியர்கள் மூவரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்று ஃபெபியே சொன்னாள். பாடத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஒருவர் மதிப்பெண்களைப் பார்த்து, முதலாண்டில் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. கூட்டி வகுத்ததோடு நிற்காமல் அவர் அந்த ஆறு எண்களையும் தனித்தனியாகப் பார்த்தார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அவருக்கு என் நன்றியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

திரும்பி வரும்போது மேட்டுப்பாளையத்தில் பஸ் நின்ற இடத்தில்தான் அவள் சொன்ன பதிலை நான் கேட்டேன். எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுதுவது முறையா என்று தெரியவில்லை. மாற்றி எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

"ஏம் புள்ள, மொத வருசத்தப் பத்திக் கேட்டாங்கன்னியே, நீ என்ன சொன்ன?"

"சரியாப் படிக்கலைங்க, தப்புதானுங்கன்னு சொன்னேன் மாமா."

"அம்மா விழுந்தது, காட்டுக்குப் போனது, ஒண்ணும் சொல்லலியா?"

"பெரியவங்க கேக்கறப்ப அதையெல்லாம் சொன்னா சாக்குச் சொல்ற மாதிரி இருக்காதுங்களா? அவங்களும் ஒண்ணும் திட்டலை மாமா. 'சரிம்மா'ன்னாங்க. நல்ல மாதிரியாத்தான் சொன்னாங்க."

அந்த 'சரிம்மா'வை அவள் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாள். இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் கோத்தகிரி வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இடம் போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

6. ஏன் அப்படிச் சொன்னாள் என்பது கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு விளங்குவது கடினம். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடை குறைந்தால் மேஸ்திரி, "ஏன் இன்னிக்குக் கம்மி?" என்று கேட்பார். அதற்கு எங்கள் பெண்கள் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: "தப்புதானுங்க, நாளைக்குச் சரி பண்ணிடறேனுங்க." காய்ச்சலாக இருந்தாலும் அதுதான். அட்டை கடித்துக் கால் வீங்கியிருந்தாலும் அதுதான். காரணம் சொன்னால் எதிர்த்துப் பேசியதாகும். மறுநாள் செங்குத்தான காடுதான் கிடைக்கும். தப்பு என்று ஒத்துக்கொண்டால் மேஸ்திரி 'சரி போ' என்பார், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். எங்கள் லைனில் பிள்ளைகள் இதைப் பேசப் பழகும்போதே பழகிவிடுகிறார்கள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஃபெபி தங்கள் பேராசிரியர்களுக்குக் காட்டியது அந்த மரியாதையைத்தான். ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினாள். பல்கலைக்கழகத்தில் ஒத்துக்கொண்டால் அதைக் குறித்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

நான் காரணம் சொல்லும் ஜாதி. அதனாலேயே முப்பது வருடம் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் ட்ரையர் பக்கத்தைவிட்டு என்னை மேலே ஏற்றவில்லை. அதற்காக நான் வருந்தியதும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்னைப் போல் வாய் வளர்க்காமல் அடக்கமாக இருக்கிறாளே என்று ஊரார் மெச்சும்போது நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன். இன்று அந்தச் சந்தோஷம் நெஞ்சில் உறுத்துகிறது.

7. முடிவு வந்தபின் நான் மட்டும் மறுபடி தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கவுண்டரில் இருந்த அம்மையார் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, கோப்பைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, ஒழுங்காப் படிக்கலைன்னு பொண்ணே ஒத்துக்கிட்டிருக்குதுங்க. படிப்புல தொடர்ச்சி இல்லைன்னு எழுதியிருக்காங்க. இதுக்கு மேல நான் என்னங்க பண்றது?" என்றார். அவர்மேல் தவறில்லை. டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். மரியாதைக்காரரிடம் முறைப்பாக நடந்துகொண்டதற்கு வருந்துகிறேன்.

ஆனால், ஐயா, 'தொடர்ச்சி இல்லை' என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 74, 81, 86, 89 என்பதைவிடத் தொடர்ச்சி வேறு எப்படி இருக்கும்? முதலிரண்டு எண்களைப் பற்றி எழுதிய சொல்லைப் பின்னால் வந்த நான்கின் தலையிலும் வைத்துவிட்டார்கள்.

8. முதலாண்டை மொத்தமாகத் தள்ளிவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த வருடம் அவள் படிக்காமல் விட்டது விட்டதுதான். எலும்பு முறிந்த கதையைச் சொன்னால் கணக்கு வந்துவிடாது. அப்படி விட்டது ஏதாவது இன்றும் அவளிடம் குறையாக இருந்தால், அதைத் தாராளமாகச் சோதித்துப் பாருங்கள். அரியர் வைத்த அந்த இரண்டு தாள்களிலிருந்தே கேளுங்கள். எல்லா விண்ணப்பதாரர்களும் வீட்டுக் கஷ்டம் சொல்ல ஆரம்பித்தால் அலுவலகம் என்னாவது என்று தாங்கள் நினைப்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் கஷ்டம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு முடிவும், சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வேறு முடிவும் கிடைக்குமானால், அங்கே எடை போடப்படுவது படிப்பு அல்ல.

9. இயற்பியலில் இரண்டு இடங்கள் இன்னும் நிரம்பவில்லை என்று தங்கள் அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். இந்த மாதக் கடைசியோடு சேர்க்கை முடிகிறது. அதை ஒட்டியே எஸ்டேட்டிலும் ஒரு முடிவு இருக்கிறது. மெட்டில்டாவால் இனி காட்டில் இறங்க முடியாது என்று மருத்துவர் எழுதிவிட்டார். இதுவரை விடுப்பில் வைத்திருந்த அவளுடைய நிரந்தர வேலையை மகள் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். ஏற்காவிட்டால் வேறு வீட்டுக்குப் போய்விடும். ஃபெபி சரி என்று சொல்லிவிட்டாள். செப்டம்பர் முதல் தேதி கையெழுத்துப் போடப் போகிறாள். ஜெனிஸ் ஒருவன் பெயரே வீட்டுக்குப் போதும். "நாந்தான் இருக்கறேனில்ல, நீ படிக்கப் போக்கா" என்று அவன் சண்டை போடுகிறான். அவள் சிரித்துவிட்டுச் சோறு போடுகிறாள். நிரந்தரமாகக் கையெழுத்துப் போட்டபின் அந்தக் காட்டைவிட்டுப் படிக்கப் போன பெண் எவளையும் நான் பார்த்ததில்லை.

10. இந்த மனு எழுதுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மெட்டில்டா கட்டிலில் படுத்தபடியே, "அண்ணன் மனுப் போட்டுத் தண்ணிக் குழாய் வர்றதுக்குள்ள நானே கெழவி ஆயிட்டேன். சீட்டு வர்றதுக்குள்ள இவ கெழவி ஆயிருவா" என்று கேலி செய்கிறாள். குழாய் வந்தது என்பதை அவள் மறைக்க முடியாது. ஃபெபி மட்டும், "விடுங்க மாமா, படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். நான் விடுவதாக இல்லை.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: அவளுடைய மதிப்பெண்களைப் பருவவாரியாக அந்த மூன்று பேராசிரியர்கள் முன்னும் மறுபடி வைக்க வேண்டும். அவளை ஒருமுறை அழைத்து, முதலாண்டில் ஏன் குறைந்தது என்ற அதே கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன், காரணம் சொல்வது இங்கே மரியாதைக் குறைவு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதன்பின் தாங்கள் எந்த முடிவு எடுத்தாலும் நான் மேற்கொண்டு எழுத மாட்டேன். எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு வாக்கு நான் வேறு எந்த அலுவலகத்துக்கும் கொடுத்ததில்லை.

இடம் தர இயலாது என்றே முடிவானால், என்ன காரணம் என்பதை எழுத்தில் எனக்கு அனுப்புங்கள். விதி குறுக்கே நின்றால் விதி என்று எழுதுங்கள். சராசரிதான் போதவில்லை என்றால் அதையே எழுதுங்கள். எதுவானாலும் அதை நான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவள் கையெழுத்துப் போடும் நாளுக்கு முன் படித்துக் காட்ட வேண்டும். ஏனென்றால், இதுவரை காரணம் தானேதான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இணைப்பு: ஆறு பருவங்களின் மதிப்பெண் சான்று நகல்கள், மெட்டில்டாவின் மருத்துவச் சான்று நகல்.

இடம்: கட்டபெட்டு
நாள்: 18.08.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
அ. பிராங்ளின்