மிதிங்க, கிளாக்கரய்யா

டிரைவர்,

நேற்றுப் பின்னேரம் உங்கள் மகள் வந்திருந்தாள். உரச்சாக்கில் சுற்றிய ஒன்றை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கம்பியூட்டர வித்துட்டோம், மாமா. ஸ்டியரிங்கு ஒடஞ்சு போச்சு. வாங்குனவங்க இத வேணாம்னுட்டாங்க. தூக்கிப் போட மனசு வரல்ல. நீங்கதானே மிதிப்பீங்க."

சாக்கைப் பிரித்தால் அந்த இரண்டு பெடல்கள். எக்ஸலேட்டரின் வரிகள் என் செருப்புப் பட்டுத் தேய்ந்திருந்தன. தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக முப்பத்தொரு வருடம் பேனா பிடித்தவன் நான். சைக்கிள்கூட ஓட்ட வராது. இந்தத் தேய்மானம் என்னுடையது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

இதெல்லாம் தொடங்கியபோது, இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தால், லொறி ஓட்டிய உங்கள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. கேகாலைக்கு கிளினிக் போன ஒரு நாள், பஸ் வரும்வரை ஒரு கம்பியூட்டர் கடைக்குள் வெயிலுக்கு ஒதுங்கினோம். உள்ளே ஒருவர் லொறி ஓட்டும் கேம் ஆடிக்கொண்டிருந்தார். நீங்கள் ஊன்றுகோலோடு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றீர்கள்.

"தம்பி, எறக்கத்துல நியூட்ரல்ல விடாதீங்க! பிரேக்கு புடிக்காது!"

அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினீர்கள்.

"கிளாக்கரய்யா, நீங்க இங்கிலீஸ் படிச்சவரு. எனக்கு அந்த மாதிரி ஒன்னு பாத்து எடுத்துக் குடுங்க. இன்னொரு தடவ ஓட்டணும்."

மறுநாளே புல்ஸ்கேப் தாளில் கோடு போட்டு மூன்று பட்டியல்கள் தயாரிக்கத் தொடங்கினேன். முதலாவது முப்பதாயிரத்துக்கு: ஏதோ ஆபீசில் பாவித்துக் கழித்த பெட்டி, எதிரே ஒரு கேள்விக்குறி. இரண்டாவது ஐம்பதாயிரத்துக்கு: புதிய போர்ட், புதிய புரொசசர், திரைக்குப் படம் அனுப்பும் வீஜீஏ காட், அதுவும் நடுத்தரமானது. மூன்றாவது எண்பதாயிரத்துக்கு: எல்லாமே பெரியது, பெரிய வீஜீஏ காட்டைத் தாங்கும் பவர் சப்ளை, அகலமான மொனிட்டர். எழுதுவேன், அடிப்பேன், திரும்ப எழுதுவேன். மூன்று மாதம் போயிற்று.

"என்னங்க ஐயா, லிஸ்ட்டு முடிஞ்சிச்சா? இந்த நேரத்துல நான் ரெண்டு லொறிக்கு எஞ்சின் எறக்கி ஏத்தியிருப்பேன்."

கொழும்பில் விலை குறைவு என்று தெரியும். ஆனால் யுத்தம் நடந்த அந்த நாட்களில், வயர்களும் தகடுகளும் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு, தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையை நீட்டிச் செக்பொயிண்டுகளைத் தாண்டிவர எனக்குத் துணிவில்லை. பக்கத்து டவுன் மாவனல்லைக்குத்தான் போனேன். அந்தக் கடைக்காரர் தெளிவாகவே சொன்னார்.

"கேம் அடிக்கத்தானே, சேர்? அப்ப காச வீஜீஏ காட்ல போடுங்க. மத்ததுல கொறச்சாலும் சமாளிக்கலாம். அதுல கொறச்சா படம் இழுத்து இழுத்து வரும்."

தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, இரண்டாம் பட்டியலில் அந்த வீஜீஏ காட்டின் தொகையையே வெட்டினேன். ஆக மலிவானதை எழுதிவிட்டு, மிஞ்சியதைப் பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கும் புரொசசருக்கும் போட்டேன். அவற்றின் பக்கத்தில் எண்கள் பெரிதாக இருந்தன. எண் பெரிதாக இருந்தால் பத்திரம் என்று நினைக்கிற புத்தி எனக்கு.

அந்தப் பட்டியல்படி பெட்டி வந்தது. கேமுக்கான ஸ்டியரிங்கை மேசையில் பூட்டினோம். பெடல்களைக் கீழே வைத்தபோதுதான், மூன்று பட்டியலிலும் நான் எழுத மறந்தது தெரிந்தது. உங்களுக்கு வலது கால் இல்லை. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"எடது காலால எக்ஸலேட்டர மிதிக்க இந்த ஒடம்பு விடாதுங்க. பிரேக்க நான் பாத்துக்குறேன். நீங்க பக்கத்துல ஒக்காருங்க. ஹரி... ஹரி... சரி, மிதிங்க, கிளாக்கரய்யா!"

மிதித்தேன். உங்கள் கை, உங்கள் இடது கால், என் வலது கால். திரையில் ஏதோ வெளிநாட்டு மலை.

"ரோட்டுக்கு வலது பக்கமாவுல்ல ஓடுறானுங்க! ஒரு நாய்கூடக் குறுக்க வரல்லியே, என்னங்க ஊர் இது?"

மேடு வந்ததும் எனக்குப் பயம் வந்து கால் தானாகத் தளரும். "மேட்டுல கால எடுக்காதீங்க, ஐயா. எடுத்தா லொறி பின்னுக்கு வரும்." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்!

இரண்டு மாதம் ஆகியிருக்கும். "பனி மாதிரி மூடுதே, ஐயா. அந்த ஊர்ல இப்ப மார்கழியா?" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலிவான காட் என்றைக்காவது என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று முதல் நாளிலிருந்தே காத்திருந்தேன். மாவனல்லைக்குப் போய்ப் பெரிய காட் வாங்கினேன். அதற்குப் பவர் சப்ளை பத்தாது என்றார்கள். இன்னொரு நாள் அதை மாற்றினேன். ஒவ்வொரு சாமானாக மூன்றாம் பட்டியலுக்கு ஏறிக்கொண்டிருந்தேன்.

"இப்ப எப்படி, டிரைவர்?"

"இப்ப பரவால்லீங்க. எதுக்க வர்றதுதான் கிட்ட வந்தப்பறம் தெரியுது."

என் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்கிறீர்கள் என்பது புரிந்தது. கோளாறை நான் தேடிய இடம்தான் தவறு.

கடைசியில் பெட்டியையும் மொனிட்டரையும் வேனில் ஏற்றிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் போட்டுப் பார்த்தார்.

"சேர், படம் கண்ணாடி மாதிரி தெளிவா ஈக்கி. மங்கலா தெரியிதுண்டு யாரு சொல்ற?"

"என் கூட்டாளி. லொறி டிரைவர். சீனி வருத்தக்காரர்."

அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அவருக்குக் கண்ணக் காட்டினீங்களா, சேர்?"

போன பார்வை திரும்பாது, கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார் கண் டாக்டர். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மாவனல்லைக்குப் போன ஒவ்வொரு நாளையும் பட்டியலின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். திரும்பும் வழியில் நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள்.

"விடுங்க, ஐயா. நீங்களாவது கம்பியூட்டருக்கு மருந்து குடுத்தீங்க. நான் அதக்கூட செய்யல்ல."

அதற்குப் பிறகும் ஓட்டினோம். நான் மிதித்துக்கொண்டே வளைவுகளைச் சொல்வேன், நீங்கள் திருப்புவீர்கள். முக்கால்வாசி பள்ளத்தில் முடியும். கடைசித் தடவை, பாதி வழியில் கேட்டீர்கள்.

"எங்க போயிட்டிருக்கோம்?"

"தெரியாத ஊரு, டிரைவர். போர்டு வாசிக்க வரல்ல."

"நான் லொறி ஓட்டுன நம்ம ரோடுன்னு சொல்லுங்களேன். கரவனெல்ல பாலம் தாண்டிட்டோம்னு சொல்லுங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

வாயைத் திறந்தேன். திரையில் வேறு ஏதோ மரங்கள் நின்றன. கண்ணுக்கு முன் இல்லாததை இருப்பதாகச் சொல்ல எனக்கு வரவில்லை. "வலது வளைவு" என்றேன். நீங்கள் திருப்பினீர்கள். பிறகு மழைக்காலம் தொடங்கியது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பத்தாம் நாள் எல்லாம் முடிந்துபோனது. ஒரு வார்த்தை, டிரைவர். அதைக் கேட்டீர்கள், நான் கொடுக்கவில்லை.

பெடல்களை மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன். வயர் எதிலும் செருகப்படவில்லை. இதை எழுதும்போது என் கால் அதன் மேல்தான் இருக்கிறது.

பென்ஷன் எடுக்கப் போகும் நாட்களில் பஸ் கரவனெல்லையைக் கடக்கும்போது, வாய்க்குள் சொல்லிக்கொண்டு வருகிறேன். பாலம் தாண்டிட்டோம், டிரைவர். ஆத்துல தண்ணி கலங்கி ஓடுது. எதுக்க ஒரு டிராக்டர் வருது, பொறுங்க. ஒரு நாய் குறுக்க போவுது. இப்ப மேடு.

பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். வெட்கமாகத்தான் இருக்கிறது. வலது கால் பஸ்ஸின் தரைத் தகட்டை அழுத்திக்கொண்டிருக்கிறது. மேடு முடியும்வரை நான் அதை எடுப்பதில்லை.