சுரண்டைக் கல்லறையில் ஒரு தென்காசிப் பெட்டி

தென்காசி
3.3.1963

மதிப்புள்ள ஞானப்பூ அவர்களுக்கு,

தென்காசி மேலத்தெரு குத்தாலிங்கம் பிள்ளையின் மருமகள் முத்துவடிவு எழுதுவது. சுகம் கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாரத்தில் தந்தி வந்த பிறகு அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சீனச் சண்டையில் உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரர் வீரபாகுவும் ஒன்றாகத்தான் நின்றிருக்கிறார்கள். "சுரண்டைக்காரர் ஒருத்தர் இருக்கார், அவர் பேச்சக் கேட்டா இந்தப் பனியிலயும் சிரிப்பு வருது" என்று அவர் எனக்கு எழுதியதுண்டு. அது உங்கள் ஏசுவடியான் அண்ணாச்சிதான் என்று போன வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரியில் பட்டாளத்திலிருந்து ஒரு தகரப்பெட்டி வந்தது. மேலே என் வீட்டுக்காரர் பெயர்தான் ஒட்டியிருந்தது. உடல் வரவில்லை என்பதால் தர்ப்பையில் ஆள் செய்து, பெட்டியில் மேலாக மடித்திருந்த சட்டையை அதற்குப் போர்த்தி, என் மாமனார் கொள்ளி வைத்தார்கள். சாம்பலைக் குற்றாலத்தில் கரைத்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பெட்டியின் அடிவரை பார்க்க எனக்குத் தைரியம் வந்தது போன வெள்ளிக்கிழமைதான். அடியில் ஒரு வேதப் புத்தகம் இருந்தது. நீங்கள் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு. உங்கள் பெயர் எழுதி ஒட்டிய உறை ஒன்று, தபாலில் சேர்க்காதது.

அக்கா என்று கூப்பிடலாமா? அக்கா, நாங்கள் எரித்தது உங்கள் வீட்டுக்காரர் சட்டையை. தெரிந்து செய்யவில்லை. உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்படியானால் எங்கள் பெட்டி உங்களுக்குத்தான் வந்திருக்க வேண்டும். செப்டம்பரில் எனக்கு மகள் பிறந்தாள். என்ன பெயர் வைக்க என்று கேட்டு அவருக்கு எழுதினேன். "யோசிச்சு எழுதுதேன், அதுவரைக்கும் யாரும் பேர் வச்சிரப்பிடாது" என்று ஒரு கார்டு வந்தது. அடுத்து வந்தது தந்திதான். ஆறு மாதமாகப் பாப்பா, பாப்பா என்றே கூப்பிடுகிறோம். பெயரை எழுதி அந்தப் பெட்டியில் வைத்திருக்கிறாரா என்று தயவுசெய்து பாருங்கள். மறுபடி காரியம் செய்ய அவருடைய சட்டை ஒன்று வேண்டும் என்று மாமாவும் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
முத்துவடிவு


சுரண்டை
9.3.1963

பிரியமுள்ள தங்கச்சி முத்துவடிவுக்கு,

கர்த்தர் உன்னையும் பாப்பாவையும் தம் கைக்குள் வைத்திருப்பாராக. அக்கா என்றே கூப்பிடு. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. பஸ் ஏறினால் தென்காசி எவ்வளவு தூரம், நேரிலேயே வந்திருக்கலாம். நான் சொல்ல வேண்டியதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

முதலில் சட்டை விஷயம். மன்னிப்பெல்லாம் கேட்காதே. அந்த மனுஷருக்குக் குற்றாலம் என்றால் உயிர். சீசனுக்குக் கூட்டிப் போகிறேன், கூட்டிப் போகிறேன் என்று கல்யாணமான நாலு வருஷமும் என்னை ஏமாற்றினார். கடைசியில் என்னை விட்டுவிட்டு அவர் மட்டும் போய்விட்டார் பார். உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். நவம்பருக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

உன் பெட்டி எங்களுக்குத்தான் வந்தது. ஆனால் இப்போது அது வீட்டில் இல்லை. "எம் பிள்ள கையால பூட்டுன பெட்டி. அத ஒருத்தரும் திறக்கப்பிடாது" என்று என் மாமியார் மேலே விழுந்து கட்டிக்கொண்டார்கள். அடக்கம் பண்ணச் சரீரம் இல்லை. அதனால் பாதிரியார் ஐயா ஜெபம் பண்ணி, பெட்டியைப் பூட்டியபடியே கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். மேலே சிலுவை போட்டு அவர் பெயரை வெட்டியிருக்கிறது. அத்தை தினமும் சாயங்காலம் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். செடிக்கு ஊற்றிவிட்டு உட்கார்ந்து, யார் வீட்டில் மாடு கன்று போட்டது என்பதுவரை மகனிடம் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள்.

உன் கடிதத்தைப் பாதிரியார் ஐயாவிடம் மட்டும் காட்டினேன். உங்கள் வீட்டார் கேட்டால் தோண்டித் திறக்கலாம் என்கிறார். அத்தையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர்களுக்கு மகன் இரண்டாம் தடவை சாவான். ஆனாலும் உன் பிள்ளையின் பெயர் அந்த மண்ணுக்குள் கிடக்கிறதே, அதை நான் எப்படித் தடுப்பேன்? ஒரு வார்த்தை எழுது. தோண்டச் சொல்கிறேன்.

உன் அக்காள்,
ஞானப்பூ


தென்காசி
21.3.1963

அன்புள்ள அக்காளுக்கு,

பதில் எழுதப் பன்னிரண்டு நாளாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே "தோண்டுங்கள்" என்று ஒரு கார்டு எழுதிவிட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போனேன். அங்கே நின்றபோது, அத்தை இனி சாயங்காலம் செம்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள் என்று நினைத்தேன். கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

தோண்ட வேண்டாம் அக்கா. அவர் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எனக்குக் கட்டிக்கொண்டு அழ மடியில் ஒரு பிள்ளை இருக்கிறாள். அத்தைக்கு அந்த மண்தானே இருக்கிறது.

மாமாவிடம் சொன்னதும் கோபித்துக்கொண்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர்கள், "ஏட்டி, அந்தம்மா தெனமுமா அங்கன போறா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "நாம வருசத்துக்கு ஒருக்கதான் அவனுக்குத் தண்ணி விடுவோம். அங்கன தெனமும் தண்ணி ஊத்தி ஊர்க்கத பேச ஆள் இருக்கு. கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார்கள். கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரியக் கூடாது என்றுதான்.

உங்கள் பெட்டியைக் கொழுந்தன் சங்கரபாண்டியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அத்தை கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து உங்கள் கையில் தருவான். சட்டை ஒன்றைத் தவிர எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒட்டிய உறையை நான் பிரிக்கவில்லை. "ஒருவேள வீரபாகுவப் பத்தி ரெண்டு வரி இருக்கும், பாக்கலாம்லா" என்று சங்கரபாண்டி ஆசை காட்டினான். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை இன்னொருத்தி முதலில் படிப்பதா? ஒரு கடிதத்துக்காக நானும் தவம் கிடந்தவள்தான் அக்கா.

பெயரை நானே யோசித்துக்கொள்கிறேன். சித்திரை ஒன்றாம் தேதி வைத்துவிடலாம் என்று மாமா சொல்கிறார்கள்.

உங்கள் தங்கச்சி,
முத்துவடிவு


சுரண்டை
14.4.1963

என் தங்கச்சி முத்துவடிவுக்கு,

இன்றைக்கு உங்களுக்குச் சித்திரைப் பிறப்பு, எங்களுக்கு ஈஸ்டர். பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டாயா? வைத்திருந்தாலும் மாற்று. முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

உறையை நான் இருபது நாளாகப் பிரிக்கவில்லை. பிரித்துவிட்டால் அவர் பேசி முடித்துவிடுவார் என்று பயம். இன்று விடியற்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்துதான் பிரித்தேன். எனக்கு எழுதியது எனக்கு. உனக்கு உள்ளதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்:

"தென்காசி வீரபாகு மகளுக்குப் பெயர் தேடி என்னைப் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. நேற்றுத்தான் ஒரு வழியாக முடிவுக்கு வந்தான். குழல்வாய்மொழியாம், குற்றாலத்து அம்மன் பெயர். இங்கே தண்ணீர் எல்லாம் கல்லாகக் கிடக்கிறது, ஒரு சத்தம் இல்லை, அருவிச் சத்தம் கேட்கிற மாதிரி ஒரு பெயர் வேண்டும் என்கிறான். இவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை தெருவைத் தாண்டிவிடுவாளே என்றேன். தாண்டட்டும், பிடிக்க நான் இருக்கிறேன் என்கிறான். வீட்டுக்கு எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறான். நாளைத் தபாலில் இரண்டு பேர் கடிதமும் சேர்ந்து போகும்."

முத்துவடிவு, நீ உறையைப் பிரித்திருந்தால் ஒரு மாதம் முன்பே உனக்குப் பெயர் கிடைத்திருக்கும். எனக்காகப் பிரிக்காமல் விட்டாய். இதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதுமா?

இதற்கு மேல் அத்தையிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பம் நான் இத்தன நாளும் வீரபாகுட்டயா பேசிக்கிட்டிருந்தேன்?" என்றார்கள். "அவனும் ஒருத்தி பெத்த பிள்ளதானே. அவனுக்கு ஆத்தா இருக்காளாட்டி?" என்று கேட்டார்கள். இல்லை, முன்பே போய்விட்டார்களாம் என்றேன். செம்பை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பிவிட்டார்கள்.

அங்கிருந்து நேரே பாதிரியார் ஐயாவிடம் போய், கல்லில் வீரபாகு தம்பி பெயரையும் வெட்டச் சொன்னார்கள். கோயில் கமிட்டியில் ஒருவர் முணுமுணுத்தார். "சண்டையில ஒண்ணா நின்னவனுவள கல்லுல பிரிக்கவாய்யா சொல்லுதீரு?" என்று அத்தை போட்ட சத்தத்தில் அவர் குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் வேலை தொடங்கும்.

உன் அக்காள்,
ஞானப்பூ


தென்காசி
10.7.1963

அன்புள்ள அக்காளுக்கும் அத்தைக்கும்,

கல்லில் இரண்டு பெயரும் வெட்டியாயிற்று என்று எழுதியிருந்தீர்கள். சங்கரபாண்டி போய்ப் பார்த்துவிட்டு வந்து, அத்தை கொடுத்த கருப்பட்டியையும் காட்டினான். அவரைத் தினமும் பார்த்துக்கொள்கிற அந்தக் கைக்கு நாங்கள் என்ன செய்யப் போகிறோம்?

இங்கே சாரல் நன்றாக விழுகிறது. வருகிற இருபதாம் தேதி ஆடி அமாவாசை. மறுபடி காரியம் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் குற்றாலத்தில் வீரபாகு, ஏசுவடியான் என்று இரண்டு பெயரையும் சொல்லித் தண்ணீர் விடப் போகிறார்கள். உங்கள் முறைக்கு இது சரிப்படுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்கள். "அவம் சாம்பல் எங்கையால கரச்சது. நான் கூப்பிடாம யார் கூப்பிடுவா?" என்பது மாமாவின் கட்சி.

நீங்களும் அத்தையும் அவசியம் வர வேண்டும். சீசனுக்குக் கூட்டிப் போகிறேன் என்று அண்ணாச்சி சொன்னது இன்னும் நிற்கிறது அல்லவா? முதல் நாளே இங்கே வந்துவிடுங்கள். காலையில் வண்டி கட்டிப் போகலாம். அண்ணாச்சியைக் கரைத்த இடத்தை மாமா காட்டுவார்கள். அருவிக்கரையில் உங்கள் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

சித்திரை ஒன்றாம் தேதி நான் நினைத்து வைத்திருந்த பெயர் வாயில் வரவே இல்லை அக்கா. நாலு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. இப்போது பிள்ளை தவழ்கிறாள். அண்ணாச்சி சொன்னது சரிதான், முழுப் பெயரையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் வாசலைத் தாண்டிவிடுகிறாள். ஓடிப் போய் நான்தான் பிடிக்கிறேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
குழல்வாய்மொழியின் அம்மா
முத்துவடிவு