காணிக்கைக்கு எடுத்த வட்டியும் காணாமற்போன 1,80,000 புள்ளிகளும்

அனுப்புநர்:
தெருவில் ‘நோட்டு அக்கா’ என்று அழைக்கப்படும் இல்லத்தரசி,
தையல் கடைக்கு மேல் மாடி வீடு.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணைய நிதிச் சேவைகள் அலுவலகம்.

பொருள்: கிரிப்டோ கடன் செயலியில் வட்டியை எடுத்ததற்காகப் பரிசுப் புள்ளிகளைக் குறைத்தது – சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மாதம் 4-ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு எங்கள் சமையலறையில் இருந்தவர்கள்: நான், என் கணவர், என் நாத்தனார், போன் ஸ்பீக்கரில் செயலியின் உதவிப் பிரிவுப் பெண். அடுப்பில் பாலும் இருந்தது. அது பொங்கி வழிந்த நஷ்டத்தை இப்புகாரில் சேர்க்கவில்லை.

2. ஆறு மாதங்களுக்கு முன் நானும் நாத்தனாரும் ஒரே நாளில் ஆளுக்கு 400 கிரிப்டோ நாணயங்களை அச்செயலி மூலம் கடனாகக் கொடுத்தோம். வட்டி தனி, புள்ளி தனி. ஒரு நாணயத்துக்கு நாளொன்றுக்கு ஒரு புள்ளி. கொடுத்ததைத் தொடாமல் வைத்திருந்தால் இரண்டாம் மாதப் புள்ளி இரண்டு மடங்கு, மூன்றாம் மாதம் மூன்று மடங்கு என்று ஆறு வரை ஏறும். நடுவில் எடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து. இந்த மடங்குக் கணக்கு ஆறு மாதம் முடிந்த பிறகுதான் திரையில் தெரியும்.

3. வட்டி இறைவனுக்கு, புள்ளி என் கணவரின் காதுக்கு என்று முதலிலேயே பிரித்துவிட்டேன். அவருக்கு இரண்டு காதும் மந்தம். புள்ளியை நாணயமாக மாற்றிக் காதுக் கருவி வாங்க வேண்டும். ஆகவே மாதாமாதம் வட்டியை மட்டும் எடுத்துப் பணமாக்கிக் காணிக்கைப் பெட்டியில் போட்டு நோட்டில் எழுதினேன்.

4. நாத்தனார் ஒன்றுமே செய்யவில்லை. பாஸ்வேர்டை மறந்துவிட்டு ஆறு மாதம் செயலியைத் திறக்கவே இல்லை. எழுதி வைத்த சீட்டு அன்றுதான் மசாலா டப்பாவின் மூடிக்குள் கிடைத்தது. அவருக்கு 2,52,000 புள்ளிகள். எனக்கு 72,000. “நீங்க எழுதி எழுதிச் சேத்தீங்க அண்ணி, நான் மறந்தே சம்பாதிச்சுட்டேன்” என்றார். பால் பொங்கியது அப்போதுதான்.

5. உதவிப் பிரிவுப் பெண், “வட்டியை எடுத்தாலும் எடுத்ததுதான் மேடம். கடவுளுக்கு மொத்தமா கடைசியில குடுத்திருக்கலாமே” என்றார். இறைவனைக் காக்க வைத்துப் புள்ளி சேர்க்க எனக்குத் தெரியாது. என் கணவரோ, “விடும்மா, நீ திட்டுறதாவது எனக்குக் கேக்குதே” என்றார். அதுவும் கேட்பதில்லை, ஐயா. உதட்டைப் பார்த்துச் சொல்கிறார். போன வாரம் பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

6. விதிப் பக்கத்தில், ‘கடனாகக் கொடுத்த தொகையை எடுத்தால்’ என்றுதான் இருக்கிறது. நான் கொடுத்தது 400. இன்றும் 400 அப்படியே இருக்கிறது. காணிக்கையை நான் திருப்பிக் கேட்கவில்லை, அது முடிந்த கணக்கு. குறைத்த 1,80,000 புள்ளிகளைச் சேர்க்கச் சொல்லி அவர்களுக்கு உத்தரவிடுங்கள். வட்டியை எடுக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் நிஜமான விதியையும் எழுதச் சொல்லுங்கள்.

7. புள்ளிகளை நாணயமாக மாற்ற இம்மாதம் 30-ஆம் தேதி கடைசி. 72,000 புள்ளிகள் ஒரு காதுக்குக்கூட எட்டாது. போனில் அழைக்க வேண்டாம். பகலில் போன் என் கணவரிடம் இருக்கும். மணி கேட்காது, வெளிச்சத்தைப் பார்த்து எடுத்து எல்லாவற்றுக்கும் சரி சரி என்பார். கடிதமாகவே, சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.

இணைப்பு: நோட்டின் ஆறு பக்க நகல்.

இடம்: மேற்படி மாடி வீடு
நாள்: இம்மாதம் 9

வணக்கத்துடன்,
(கையொப்பம்)
நோட்டு அக்கா