வேறு மாடல் சுவிங் ஆர்ம்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வாரமாகவே வண்டி பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. டைல்ஸ் பெட்டி சுமந்து பழகிய வண்டி, ஆடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். இன்று தம்பியின் பட்டறை வாசலில் நிறுத்தியதும் அவனே குனிந்து பார்த்தான். "அண்ணே, சுவிங் ஆர்ம் விட்டுருச்சு. இதுல அண்ணிய ஏத்திக்கிட்டுப் போயிடாத" என்றான். பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கைக்குத்தான் அந்தப் பெயராம். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

வெல்டு வைத்துக் கொடுடா என்றேன். மாட்டானாம். பக்கத்திலேயே மறுபடி விட்டுவிடுமாம். என் வண்டிக்கு இந்தப் பாகம் வருவதே நின்றுவிட்டது, பெரிய மாடல் ஒன்றின் ஆர்மை மாற்றி மாட்டித் தருகிறேன் என்கிறான்.

என் வாயில் வேறொருத்தன் பல்லைக் கட்டப்போகிறானாம்! பட்டறை திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு யார் வண்டி கிடைத்தது? அண்ணன் வண்டி.

மார்ச் 7, வெள்ளி

மூன்றாவது நாளாக பஸ். நூல்கண்டு, மட்டப்பலகை, ரப்பர் சுத்தியல் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு நசுங்கிப்போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் சுத்தியலைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டில் மனைவி தையல் மெஷினை விட்டுத் தலை தூக்காமல் சொல்கிறாள்: "உங்க தம்பி வேலை தெரிஞ்ச பிள்ளைங்க. பொறுங்க." எல்லாருக்கும் அவன் பிள்ளை. நாற்பது வயதுப் பிள்ளை.

மார்ச் 9, ஞாயிறு

வண்டி வந்தது. ஆர்ம் அகலம் என்பதால் பின்சக்கரமும் அந்த மாடலுடையதே போட்டிருக்கிறான். டயர் தடியாக, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. லேத்தில் கொடுத்துப் புது புஷ் கடைந்து வாங்கி, அது பொருந்தாமல் மறுபடி கடைந்து... அரைமணி நேரம் விளக்கினான். காது வலித்தது.

"சக்கரம் நேரா நிக்குதான்னு எப்படிப் பாத்த?"

"ஆர்ம்ல ரெண்டு பக்கமும் கோடு போட்டே வருது அண்ணே. ரெண்டும் ஒரே கோட்டுல நிக்குது."

"நூல் பிடிச்சியா?"

சிரித்தான். "இதென்ன தரையா?"

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக நூலை நம்பி டைல்ஸ் பதித்துச் சோறு தின்கிறவன் நான். இவன் எவனோ போட்ட கோட்டை நம்புகிறான்.

மார்ச் 10, திங்கள்

வேலைக்குக் கிளம்பும் முன் வாசலில் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, செயின் பக்கமாக நூல் பிடித்துப் பார்த்தேன். பின்டயரை ஒட்டிப் போன நூல் முன்டயரைத் தொடவே இல்லை. நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி! இதுதான் அவன் நேர்.

ஸ்பேனர் எடுத்தேன். செயின் இறுக்கும் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் முன்னே தள்ளினேன். நூல் இரண்டு டயரையும் தொட்டுக்கொண்டு சிக்கென்று நின்றது. மறுபக்கம் பார்க்கச் சுவர் இடிக்கிறது. பார்க்கவும் தேவையில்லை. ஒரு பக்கம் நேராக இருந்தால் மறுபக்கம் எங்கே போகும்?

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் முகம் சுருங்கும். என் பெருந்தன்மை.

மார்ச் 15, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மார்க்கெட் வளைவில் 'டக்' என்று ஒரு சத்தம். செயின் கழன்று பின்சக்கரத்தில் சிக்கி, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. நான் வண்டியோடு சாய்ந்தேன், முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்தவள் கையை ஊன்றி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு. தையல்காரியின் வலது கை!

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியதை இங்கே எழுத முடியாது. எல்லாம் அவனைப் பற்றித்தான்.

மார்ச் 16, ஞாயிறு

பட்டறைக்குப் போனேன். ஆட்டோக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் வண்டி விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். நின்றால் நிற்கட்டும்.

"இவன்கிட்ட வண்டிய விட்டா உசுரு மிஞ்சாது! சொந்த அண்ணி கையவே ஒடைச்சவன்! வேற வண்டி எலும்பெடுத்து என் வண்டிக்கு வைக்கிறானாம், பெரிய டாக்டரு!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவன், நான் தள்ளிக்கொண்டு போன வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணே, இந்த நட்டுல யாராச்சும் கை வச்சாங்களா?"

"உன் வேலைய மறைக்க அடுத்தவன் மேல பழி போடுறியா?"

"இல்லண்ணே. நீ கை வச்சியான்னுதான்..."

"நான் ஏண்டா வைக்கிறேன்?"

அப்படித்தான் வாயில் வந்தது. நான் கை வைத்தது சரிசெய்யத்தானே? கெடுக்கவா வைத்தேன்? அதை எதற்கு அவனிடம் சொல்ல வேண்டும்?

வாத்தியார் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஆட்டோக்காரரும் போய்விட்டார். தம்பி முகத்தில் ஈயாடவில்லை. நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்க மாட்டேன்.

மார்ச் 19, புதன்

நான் வேலைக்குப் போயிருந்த நேரம் அவன் வந்திருக்கிறான். பாதியில் நின்ற துணிகளையெல்லாம் மூட்டை கட்டி, வேறொரு தையல்காரியிடம் கொடுத்துத் தைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். "என் கைதான் அண்ணி சரியா முறுக்கல போல. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல" என்றானாம்.

அப்பாடா, ஒத்துக்கொண்டான். இதை அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தால் என்ன?

ஆனால் அவளுக்கு நான் ஊட்டிவிடும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மார்ச் 21, வெள்ளி

பட்டறையை மாத முடிவில் காலி செய்கிறானாம். வண்டியே வருவதில்லையாம். எங்கோ பெரிய சர்வீஸ் சென்டரில் வண்டி கழுவும் வேலைக்குப் பேசிவிட்டானாம். "பதினெட்டு வருஷம் எவன் எவன்கிட்டயோ வேலை செஞ்சு தொறந்தது. நீங்க நாலு நிமிஷம் கத்துனீங்க" என்றாள் மனைவி.

"கை உடைஞ்சது உனக்கா எனக்கா?" என்றேன்.

"எனக்குத்தான். எனக்கே வராத கோவம் உங்களுக்கு எங்கேருந்து வருது?"

எழுந்து வெளியே போய்விட்டேன்.

மார்ச் 24, திங்கள்

சே! சே!

இன்று வேலை வீட்டில் வாசலுக்கு ஒருவகை டைல்ஸ், உள்ளே ஒருவகை. ஒன்று தடிப்பு, ஒன்று மெலிசு. நூல் கட்டும்போது மெலிசு டைல்ஸ் பக்கம் உடைந்த டைல்ஸ் சில்லு ஒன்றை அடியில் கொடுத்துத்தான் கட்டுவேன். இல்லாவிட்டால் தளம் முழுக்கச் சாய்ந்துவிடும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சில்லைக் கொடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

பின்டயர் தடிப்பு. முன்டயர் மெலிசு. சக்கரம் நேராக நின்றால் இரண்டு பக்கமும் நூலுக்கும் முன்டயருக்கும் இடைவெளி இருந்தே ஆகவேண்டும்.

பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். தட்டிக்கழித்துக்கூடப் பார்த்தேன், இருக்காது, இருக்காது என்று. விழுந்த நாளிலிருந்து யாரும் நட்டில் கை வைக்காத வண்டியைத் தெரு நடுவுக்கு இழுத்துப்போட்டு இரண்டு பக்கமும் நூல் பிடித்தேன். செயின் பக்கம் தொடுகிறது. மறுபக்கம் இரண்டு விரல் இடைவெளி. அவன் விட்டிருந்தது பக்கத்துக்கு ஒரு விரல். அளந்து வைத்த மாதிரி நேராக வைத்திருக்கிறான். நான்தான் சக்கரத்தைக் கோணலாக்கி, செயினையும் தொளதொளவென்று ஆக்கிவிட்டு, அதன் மேல் அவளை உட்கார வைத்திருக்கிறேன்.

நூல் பிடிக்கத் தெரியாத கொத்தன்கூட இதைச் செய்யமாட்டான். எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். அவன் சிரித்தான் என்பதற்காக. மடையன். மடப்பயல்.

அவளிடம்தான் முதலில் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "தம்பிகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூசி மெழுகாமல் சொன்னேன்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ஒம்பது நாளு! ஒம்பது நாளா ஒவ்வொரு நட்டா நெனச்சுப் பாக்குறேன். எதை விட்டேன், எதை விட்டேன்னு... அண்ணி கையப் பாக்குறப்பெல்லாம் செத்துரலாம் போல இருந்துச்சு எனக்கு. கேட்டேன்ல? கை வச்சியான்னு கேட்டேன்ல உன்கிட்ட?"

என்னிடம் அவன் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. சிறுவயதில் நான் அடித்தபோதுகூட.

"வெளிய போ" என்றான். போனேன். ஷட்டரை இழுத்துவிட்டான்.

மார்ச் 26, புதன்

ஆட்டோ நிறுத்தத்தில் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். வாத்தியார் வீட்டுக்கும் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"யாரோ சொல்லியிருந்தா நான் வண்டிய எடுத்திருக்க மாட்டேன். கூடப் பொறந்த அண்ணனே சொல்றாரேன்னுதான் எடுத்தேன்" என்றார்.

படியில் இறங்கும்போது எனக்குக் கோபம்தான். திட்ட ஆள் இல்லை.

ஏப்ரல் 12, சனி

தம்பி பட்டறையைக் காலி செய்யவில்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை, ஆட்டோக்காரர்தான் சொன்னார். இன்று காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் நான்கு வண்டிகள். அதில் ஒன்று வாத்தியாருடையது.

மேசையில் ஒரு புதுப் புத்தகம் வைத்திருக்கிறான். வருகிற வண்டியையெல்லாம் அதில் எழுதிக்கொண்டுதான் வாங்குகிறான். என் முறை வந்தபோது தலை நிமிரவில்லை.

"பேரு?"

யாரைக் கேட்கிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சொன்னேன். எழுதினான்.

"வண்டில என்ன கம்ப்ளெயிண்ட்?"

"ஓனர் கை வச்சுட்டாரு."

பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் எழுதினான்.

"முன்னாடி நாலு வண்டி இருக்கு. வெயிட் பண்ணணும்" என்றான்.

பெஞ்சில் வாத்தியார் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.