உயிரோடு இருக்கிற மனிசனுக்கு ஒப்பாரி

ஆவணி 12, வெள்ளி

புற்றுநோய்க்கு மூன்றாம் தரம் மருந்து ஏற்றிவிட்டு வந்து என்ர மனிசன் கட்டிலில் கிடக்கிறார். இன்றைக்கு அவர்ர தங்கச்சி நாகம்மா பார்க்க வந்தாள். வாசல் படலையடியிலேயே தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். "வட்டைக்குப் போன ராசாவ வரம்பெல்லாம் தேடுதே" என்று அவர்ர வயலைச் சொல்லி இழுக்கிறாள். உயிரோடு கிடக்கிற மனிசனுக்கு!

என்ர அம்மா காய்ச்சலில் கிடந்தபோதும் இவள் இப்படித்தான் வந்து அழுதாள். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டா. அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

அவர் உள்ளேயிருந்து, "தங்கச்சி, பாட்டில என்ர தோணிய விட்டுட்டாய். அதையும் சேத்துத் திரும்பப் பாடு" என்றார். அவளே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அடுத்த மருந்துக்கும் போய்த் திரும்பி வருவார். அதுவரைக்கும் இந்தப் படலைய மிதிக்காத" என்று அனுப்பிவிட்டேன். தேத்தண்ணியும் கொடுக்கவில்லை.

அவள் போன பிறகு அவர் மெல்லக் கேட்டார், "நீ என்னத்தப் புள்ள பாடுவாய்?"

"எனக்குப் பாட்டு வராது. எழும்பிக் கஞ்சியக் குடியுங்க. களுதாவளைப் பிள்ளையாருக்கு நூறு தேங்காய் நேர்ந்திருக்கிறன். நீங்கதான் உடைக்கவேணும்."

"நூறா? பிள்ளையாரோட பேசிக் கொஞ்சம் குறைச்சுவிடு."

இப்போது தூங்குகிறார். அவருக்குத் திருநீறு பூசும்போது என்ர வாயில் ஒரு ஒப்பாரி அடி தானாக வந்தது. நாகம்மாவினதை விட நல்ல அடி. வாயிலேயே அடித்துக்கொண்டேன். பிள்ளையாரே, அது உன்ர காதில் விழவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.